கிளினிக்குக்கு முந்தின வாரம்

அண்ணியின் காலில் இருந்த புண்ணை நான் முதலில் மூக்கால்தான் கண்டுபிடித்தேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். வெல்லவாய பஸ்ஸில் வந்து கொஸ்லந்தையில் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினேன். வரிசை வீடான லயத்தில் அண்ணியின் காம்பரா பூட்டியிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். நாலரை மணிக்குமேல் அண்ணி மலையிலிருந்து வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் போட்டு, கைகால் கழுவி, அடுப்பு மூட்டி, எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் பலகையில் உட்கார்ந்தார். நான் அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது என் கைக்கு வந்துவிட்ட பழக்கம்.

"விடுடி. வெள்ளக்காரிக்குப் புடிச்ச கை. என் காலு வெடிப்புல கிழிஞ்சிரப் போவுது."

"அவங்களுக்கும் கால்தான் அண்ணி. குளம்பு இல்ல."

சிரித்தார். அப்போதுதான் அந்த வாடை வந்தது. இடது காலைத் திருப்பினேன். சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதைச் சுற்றித் தோல் கறுத்து, ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது.

"இது என்னா அண்ணி?"

"அட்ட கடிச்சது. சுண்ணாம்பு வச்சேன்."

"எப்ப?"

"போன கிளினிக்குக்குப் போய் வந்த மறுநா."

அதற்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. தோட்டத்தில் அட்டை கடித்தால் எல்லோரும் இடுப்பில் சொருகியிருக்கும் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அப்பிக்கொள்வார்கள். ரத்தம் நிற்கும். பிறகு அது எரியும், எரிந்தவுடன் துடைத்துவிடுவார்கள். நானும் சிறுவயதில் அப்படித்தான் செய்திருக்கிறேன். அண்ணிக்கு எரியவில்லை. எரியாததால் துடைக்கவில்லை. மறுநாளும் கசிந்ததால் மேலே இன்னும் கொஞ்சம் அப்பியிருக்கிறார். அதற்கு மறுநாளும்.

"வலிக்கலையா?"

"வலிச்சா காலையில பெரட்டுக்குப் போயி வரிசையில நிப்பேனா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. சோறு திங்கிறியா, ரொட்டி தட்டவா?"

அண்ணிக்கு ஏழெட்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அண்ணன் இறந்த வருடம் கண்டுபிடித்தார்கள். மாதத்துக்கு ஒரு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். காம்பராவில் அவர் தனியாகத்தான் இருந்தார். எனக்கு ஒன்பது வயதில் அவர் அண்ணியாக வீட்டுக்கு வந்தார். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பதினாறு வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, ஹல்துமுல்லையில் பஸ் ஏற்றிவிட அவர்தான் வந்தார். என் செருப்பு வழியிலேயே அறுந்துவிட்டது. அவருடையதைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, வெறுங்காலோடு திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு நான் கொழும்பில் இரண்டு வீடு, குவைத்தில் ஒரு வீடு, கட்டுநாயக்கவில் ஒரு தையல் தொழிற்சாலை, பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடை என்று சுற்றினேன். எங்கேயும் இரண்டு வருடத்துக்குமேல் என் கால் நிற்கவில்லை. கடைசியாகத் தெற்குக் கடற்கரையில், வெள்ளைக்காரர்கள் வந்து வாரக்கணக்கில் தங்கி எண்ணெய் தேய்த்துக்கொண்டு கஷாயம் குடித்துவிட்டுப் போகிற ஒரு ஹோட்டலில் கால்பிடிக்கும் வேலை.

அந்த ஹோட்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே ஒரு சிங்கள வைத்தியர் அம்மா இருந்தார். நாட்டு வைத்தியத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், மேசையில் உரல். வருகிற ஆளின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் படுவதற்கு முன்னால், அவர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைக்கச் சொல்வார். பிரஷர் பார்ப்பார். சீனி இருக்கிறவர்களுக்குக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஈர்க்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். தொடுவது தெரியாதவர்களின் காலில் சூடான எண்ணெய் படக்கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும் என்பார்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். அப்படி இருந்தும் சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வரும்போது, வெல்லவாய ரோட்டோரக் கடையில் கொத்தலஹிம்புட்டு மரத்தில் கடைந்த ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தேன். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் சாயம் இறங்கிச் சிவந்து நிற்கும். அதைக் குடித்தால் சீனி இறங்கும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "குடிங்க அண்ணி" என்று கையில் கொடுத்தேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை என்று கேட்கவில்லை. வைத்தியர் அம்மா தினமும் பத்து வெள்ளைக்காரர்களிடம் கேட்ட கேள்வி அது.

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் கழுவினேன்.

"கண்ண மூடுங்க அண்ணி."

"என்னா வெளையாட்டு இது?"

"மூடுங்க. எங்க தொடுறேன்னு சொல்லணும்."

மூடிக்கொண்டார். வலது குதிகாலில் தொட்டேன். "குதி" என்றார். கணுக்காலில் தொட்டேன். "ஆமா, அங்க." இடது பெருவிரலின் அடியில் தொட்டேன். பேசாமல் இருந்தார். நடுப்பாதத்தில் தொட்டேன். ஈர்க்கு வளைகிற அளவுக்கு அழுத்தினேன்.

"தொடு புள்ள. எம்புட்டு நேரம் கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கிறது?" என்றார்.

நான் ஈர்க்கை அடுப்பில் போட்டுவிட்டு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொன்னேன். அண்ணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. புண்ணுக்குப் பயந்த பயம் இல்லை அது.

"நாளைக்கு எப்பிடிப் போறது? கிளினிக்குக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு. நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலயே."

"என்னா பண்ணணும்?"

கேட்கக் கேட்க மெதுவாக வெளியே வந்தது. கிளினிக்குக்கு முந்தின வாரம்தான் கோப்பையைச் சுவர்த் தட்டிலிருந்து இறக்குவாராம். ஏழு நாளும் அந்தத் தண்ணீர். சோற்றைப் பாதியாக்கி, கடைசி இரண்டு நாள் வெறும் கஞ்சித் தண்ணீர். கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தால் நம்பர் அழகாக வரும். டொக்டர் கொப்பியைப் பார்த்து "போம ஹொந்தாய், அம்மா", ரொம்ப நல்லது, என்று சிங்களத்தில் சொல்வாராம். அதைச் சொல்லும்போது அண்ணியின் முகம் மலர்ந்தது. முப்பது வருடத்துக்குமேல் கொழுந்து எடுத்தவர். அதை நிறுக்கிற மடுவத்தில் ஒரு நாளும் ஒருவரும் அவரை அப்படிச் சொன்னதில்லை.

"நல்லா இருக்குன்னு மாத்திரையக்கூட கொறச்சிட்டாங்க. ரெண்டு ரெண்டா போட்டது இப்ப ஒண்ணு ஒண்ணு" என்றார் பெருமையாக.

"மத்த மூணு வாரம்?"

"மத்த மூணு வாரம் நம்ம பாட்டுக்கு இருக்கிறது."

"கோப்பையில தெனமும் குடிக்கச் சொல்லித்தானே குடுத்தேன்?"

"தெனமும் குடிச்சா சாயம் போயிரும்டி. நீ ஆசையா வாங்கியாந்தது. நல்ல நாளு பெரிய நாளுக்கு எடுக்கிறது."

நான் தட்டிலிருந்த கோப்பையைப் பார்த்தேன். அண்ணியே விளக்கினார்.

"பெரிய தொர வர்றாருன்னா லயத்துக்கு வெள்ளையடிக்கிறதில்லையா? ரோட்டோரப் புல்லச் செதுக்கிறதில்லையா? அது மாதிரிதான். அழுக்கோட போயி நின்னா ஏச மாட்டாங்களா?"

வெள்ளையடிப்பது எனக்கும் தெரியும். சின்ன வயதில் நாங்களும் அந்த நாட்களில் எண்ணெய் வைத்துத் தலை சீவி வாசலில் நிற்கவைக்கப்பட்டவர்கள்தான். ரோட்டுப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் அடிப்பார்கள். பின்பக்கம் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். துரை ஜீப்பில் போகும்போது பார்த்துவிட்டு, லயம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார். அதற்குப் பிறகு யாரும் கூரையைப் பார்க்க வரமாட்டார்கள்.

மறுநாள் காலையில் இரண்டு ரொட்டியும் சம்பலும் வைத்து, சாப்பிடச் சொன்னேன். அண்ணி தட்டைத் தள்ளினார்.

"சாப்பிட்டுப் போயி நம்பர் எகிறிக் காட்டுனா எனக்கு மானம் போயிரும்."

"கால் போறதுக்கு மானம் போகட்டும் அண்ணி."

"ஒனக்கென்னா, நீ நாலு நாளையில பையத் தூக்கிக்கிட்டுப் போயிருவ. அந்த டொக்டர் அம்மா முகத்துல முழிக்கிறது நானு."

அது சுட்டது. உண்மைதான். உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து ஊட்டினேன். முதல் வாயை வாங்கிக்கொண்டு அழுதார். இரண்டாவது வாய்க்கு, "உப்புக் கூட" என்றார். கோப்பையைத் துணியில் சுற்றி நான் பையில் வைத்ததை அவர் பார்க்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள் இல்லாவிட்டாலும், புண்ணைப் பார்த்ததும் நர்ஸ் மிஸ் எங்களை நேரே உள்ளே அனுப்பினார். அண்ணியின் அதே டொக்டர்தான் இருந்தார். சின்ன வயது, கண்ணாடி போட்ட சிங்கள அம்மா. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். வந்த நம்பரைப் பார்த்துவிட்டு, இயந்திரம் பிழை என்று நினைத்து இன்னொரு தடவை குத்தினார்கள். அதுவும் அதையே சொன்னது. டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பழைய நம்பர்களைப் பார்த்தார். அண்ணி தலையைக் குனிந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் கோப்பையை எடுத்து மேசையில் வைத்தேன். "அடிப்பாவி" என்று அண்ணி வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பை, கஞ்சித் தண்ணீர், ஏழு நாள், சுண்ணாம்பு.

டொக்டர் கோப்பையை எடுத்து உள்ளே முகர்ந்து பார்த்தார்.

"எங்கட அம்மாவும் இதிலதான் குடிக்கிறாங்க. வீட்டில மூணு இருக்கு" என்றார் கொச்சைத் தமிழில். பிறகு பேனாவை மூடி வைத்தார். "அப்ப, அம்மா, நான் இவ்வளவு நாள் உங்களுக்கு மருந்து எழுதல. கோப்பைக்கு எழுதியிருக்கேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் அண்ணிக்குச் சொன்னேன். இந்த மரத்துக்குச் சீனியை இறக்குகிற குணம் இருக்கலாம். அதனால்தான் தெரியாமல் குடிக்கக்கூடாது. மாத்திரையோடு சேர்ந்து ஒரேயடியாக இறக்கினால் மலையிலேயே மயங்கி விழவேண்டி வரும். ஒரு வாரம் இறக்கி மூன்று வாரம் ஏறவிட்டால், ஏறுகிற மூன்று வாரத்தில்தான் காலின் நரம்பு சாகும். மூன்று மாதத்துச் சீனியையும் சேர்த்துக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு முந்தின வாரம் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்தால் போதாது, அதையும் இன்றைக்கே எடுக்கிறோம். கடைசியாக அவர் சொன்னது, "நானும் கேட்டிருக்கவேண்டும். வேறென்ன குடிக்கிறீங்க என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை."

அவருக்குச் சொல்லாமல், அண்ணிக்கும் சொல்லாமல், அந்தக் கடைசி வரியை நான் என் கணக்கிலும் சேர்த்துக்கொண்டேன்.

அன்றைக்கே வாட்டில் படுக்கவைத்தார்கள். காலைக் காப்பாற்றலாம், சுண்டுவிரல் போகும் என்றார்கள். போனது. நான் போய்ப் பார்த்தபோது அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அழுகிறார் என்று நினைத்து முதுகில் கை வைத்தேன்.

"கொழுந்து கையாலதானே எடுக்கிறது" என்றார் திரும்பாமலே. "காலு வெரலக் கணக்கப்புள்ள எண்ணவா போறாரு?"

பிறகு அழுதார். நான் மற்றக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் உணர்ச்சி இருந்தது.

இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரித் துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹோட்டலில் சீசன் தொடங்கிவிட்டது, எப்போது வருகிறாய் என்று போன் வந்தது. வரமுடியாது என்றேன். நான் வேலையை விட்டதற்கெல்லாம் வேறு வேறு காரணம் உண்டு. ஓரிடத்தில் இருப்பதற்காக விட்டது இதுதான் முதல் தடவை.

காலையில் கொதித்தாறிய தண்ணீரில் துடைத்து, தோட்டத்து மருந்துக் காம்பராவில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவோம். மாலையில் நல்ல காலுக்கு மட்டும் எண்ணெய், அதுவும் சூடில்லாத எண்ணெய், விரலிடுக்கில் படாமல். பொட்டு வைக்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து அண்ணி தன் உள்ளங்காலைத் தானே பார்க்கப் பழகினார். "இந்த மூஞ்சிய நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல" என்றார் முதல் நாள். புண் ஆறும்வரை கோப்பை தட்டிலேயே இருந்தது. ஆறிய பிறகு டொக்டரைக் கேட்டு இறக்கினோம். குடித்தால் தினமும், இல்லாவிட்டால் வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை சீனி பார்க்கவேண்டும் என்று சொல்லி, மாத்திரைகளுக்குக் கீழே கொப்பியில் கோப்பையையும் எழுதினார். கை நடுங்கினால், வியர்த்தால் வாயில் போடக் கொஞ்சம் சீனி எப்போதும் இடுப்பில் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். அண்ணி தன் சுண்ணாம்பு டப்பியைத் தேய்த்துக் கழுவி அதில் சீனியைப் போட்டுக்கொண்டார்.

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு?"

"பக்கத்துக் காம்பராவுல கேட்டுக்கிறேன். அவளும் என்கிட்ட எத்தன தடவ கேட்டிருக்கா."

காலை மூடுகிற சப்பாத்து வாங்க, பேப்பரில் அவர் கால்கள் இரண்டையும் வரைந்து எடுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன். நான் முன்பு வேலை செய்த மரக்கறிக் கடைக்குப் பக்கத்துக் கடை முதலாளி, எல்லோரும் 'நானா' என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவர், பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு காலுக்கு ஒரு வெரல் வரைய மறந்துட்டியா புள்ள?"

"இல்ல நானா. அவ்வளவுதான் இருக்கு."

அவர் ஏணி வைத்து ஏறி, மேல் தட்டிலிருந்து முன்பக்கம் அகலமான, தையல் உறுத்தாத ஒரு சோடியைத் தேடி எடுத்தார். உள்ளே கையை விட்டு ஆணி, பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் கொடுத்தார். "போடும்போதெல்லாம் இப்பிடித் தடவச் சொல்லு. எங்க வீட்டிலயும் சீனி இருக்கு" என்றார்.

அடுத்த கிளினிக் வந்தது. அந்த வாரம் முழுக்க அண்ணி எப்போதும்போலச் சாப்பிட்டார். முந்தின நாள் மட்டும் சோற்றுச் சட்டியை இரண்டு தடவை மூடித் திறந்தார். பிறகு போட்டுச் சாப்பிட்டார். வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். நம்பர் நூற்று அறுபதுக்குமேல் வந்தது. பழைய அழகான நம்பர் இல்லை. டொக்டர் அதைச் சிவப்பால் வட்டமிட்டு, "இதுதான் உங்கட நம்பர். இதை வச்சு நான் வேலை செய்யலாம்" என்றார். ஹொந்தாய் என்று சொல்லவில்லை.

அண்ணி வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண், "எம்புட்டு?" என்று கேட்டாள். அண்ணி உரக்கச் சொன்னார். அந்தப் பெண் வாயில் கை வைத்தாள்.

"ஐயோ, ஏசலையா?"

"ஏசல. நீ என்னா குடிச்சிட்டு வந்த?"

"நான் ஒண்ணும் குடிக்கல."

"வாயி பாவக்கா மணக்குது. உள்ள போயி சொல்லிரு. நான் சொல்லாம ஒரு வெரல வச்சிட்டு வந்தேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தக் கோடியில் இருந்த ஒருத்தி மடியில் எதையோ துணியால் மூடினாள். எங்கள் கோப்பையைப் போல ஒரு கோப்பை.

வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் ஈர்க்கு வைத்துத் தொட்டுப் பார்ப்பதை நான் விடவில்லை. இடது காலில் அண்ணி ஒவ்வொரு வாரமும் "தெரியுது, இங்க, இங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நரம்பு திரும்பி வருகிறது என்று நினைத்தேன். மாசி மாதம் ஒரு நாள் ஹோட்டலிலிருந்து மறுபடியும் போன் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, அன்று பின்னேரம் கண்ணை மூடியவுடனேயே, "தெரியுது" என்றார். நான் அப்போது ஈர்க்கைக் கையில்கூட எடுத்திருக்கவில்லை.

"அண்ணி."

கண்ணை மூடியபடியே இருந்தார்.

"எனக்கும் வெள்ளையடிக்கிறீங்களா?"

மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் வந்தது.

"நீ எத்தன நாளைக்கு இந்தக் காம்பராவுல அடைஞ்சு கெடப்ப? நல்லாயிருச்சுன்னு சொன்னாத்தான நீ போவ."

நான் ஈர்க்கை எடுத்து அவருடைய இடது நடுப்பாதத்தில் வைத்தேன்.

"இப்ப?"

"தெரியல" என்றார். "அங்க ஒண்ணுமே தெரியலடி. குதியில மட்டும் கொஞ்சம்."

குதியில் தொட்டேன். "ஆமா, அது தெரியுது" என்றார். தெரியாத இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டு, பேப்பரில் வரைந்திருந்த அவர் காலில் நீலப் பேனாவால் நிரப்பினோம். நிறைய நீலமாக இருந்தது. அண்ணி அந்தப் பேப்பரை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் தானே வைத்தார்.

மறுவாரம் நான் ஹோட்டலுக்குப் போனேன். மாதத்துக்கு ஒரு தடவை, கிளினிக்குக்கு முந்தின நாள், வெல்லவாய பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். நான் போய்ச் சேரும்போது அண்ணி அடுப்படியில் கண்ணாடியைத் தரையில் வைத்துக் குனிந்திருப்பார்.

"வந்திட்டியா? இங்கன கொஞ்சம் செவந்திருக்கு, என்னான்னு பாரு" என்பார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி.